படிவத்தில் விட்டுப்போன கட்டம்

இன்னும் கொஞ்சம் நெருங்கி உட்காருங்கள், கண்ணுகளா. கையில் இருக்கிற செல்போனைக் கவிழ்த்து வையுங்கள். ஒரு கதை சொல்லப்போகிறேன். நடந்த கதை இல்லை. நடக்கவே நடக்காது என்று அடித்துச் சொல்லவும் முடியாத கதை. சர்க்கரையில் ஊசி மருந்து செய்தவர்களைப் பற்றியது. இனிப்பாகத்தான் தொடங்கும், பயப்படாதீர்கள்.

வத்தலக்குண்டுக்கு மேற்கே, மலையடிவாரத்தில் ஒரு தடுப்பூசி ஆராய்ச்சிக்கூடம் இருந்தது. அடிவாரக் கூடம் என்று ஊரில் சொல்வார்கள். அங்கே மங்கையர்க்கரசி என்று ஓர் ஆராய்ச்சியாளர். சோளத்தட்டை மாதிரி ஆள், நாற்பது வயது. குழந்தைகளைக் கொல்லும் மூளைக்காய்ச்சலுக்குச் சர்க்கரை ஊசி கண்டுபிடித்தவள் அவள்தான். அது வந்த மூன்று வருடத்தில் அந்தச் சுற்றுவட்டாரத்தில் ஒரு பிள்ளைக்கும் கழுத்து விறைக்கவில்லை, ஒரு பிள்ளைக்கும் காது போகவில்லை.

அந்த ஊசியைப் போட பேருந்து நிலையத்துக்குப் பக்கத்தில் முகாம் நடந்தபோதுதான் பேச்சியம்மாள் அவளுக்குப் பழக்கமானாள். முகாமை ஒட்டி இருந்த கறிக்கடை பேச்சியம்மாளுடையது. புருஷன் போனபின் பன்னிரண்டு வருடமாக அவளே அறுத்து, அவளே வெட்டி, அவளே விற்கிறாள். முகாமில் தாய்மார்களுக்கு மங்கை விளக்கிக்கொண்டிருந்தபோது, வெட்டுக்கத்தியும் கையுமாக இவள் வந்து நின்றாள்.

"ஏந்தாயி, சர்க்கரைன்னா டீயில போடுறதா?"

"இல்லக்கா. சர்க்கரையில நூறு சாதி இருக்கு. இந்தக் கிருமி மேல சர்க்கரையில ஒரு சட்டை போட்டுக்கிட்டு வரும். சர்க்கரையைப் பாத்தா எதிரின்னு பச்சப்பிள்ளை உடம்புக்குத் தெரியாது, விட்டுரும். நாங்க அந்தச் சட்டையில ஒரு துண்டைக் கிழிச்சு, உடம்பு கண்டதும் முறைக்கிற ஒரு புரதத்தோட சேத்துத் தைச்சு உள்ள அனுப்புறோம். அப்புறம் அந்தச் சட்டைக்காரன் எப்ப வந்தாலும் அடி விழும்."

"களவாணி சட்டையைப் போலீசு நாய்க்கு மோந்து பாக்கக் குடுக்கிற மாதிரி."

மங்கைக்கு அந்த உவமை பிடித்துப்போயிற்று. அதற்குப்பிறகு டெல்லியிலும் ஜெனிவாவிலும் பேசப் போன இடத்திலெல்லாம் அதையே சொன்னாள். பேச்சியம்மாள் பெயரைத்தான் சொல்ல மறந்துவிட்டாள்.

அதே வித்தையை அடுத்துப் புற்றுநோயின் மேல் காட்டலாம் என்று கூடம் முடிவுசெய்த வருடத்தில், பேச்சியம்மாளின் அக்குளில் மூன்றாவது கட்டி வந்தது. மார்பில் ஏற்கெனவே இரண்டு முறை அறுத்தாகிவிட்டது. பெரியாஸ்பத்திரி டாக்டர் படத்தை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்துவிட்டு, "இனிமே கத்தி வைக்க இடமில்லம்மா" என்றார். வாழ்நாளெல்லாம் கத்தி பிடித்தவளிடம் ஒருவர் அப்படிச் சொன்னது அதுவே முதல்தடவை. நேரே அடிவாரக் கூடத்துக்கு பஸ் ஏறினாள்.

மங்கை மறுபடியும் சட்டைக் கதையை எடுத்தாள்.

"புத்தணுவும் ஒரு சட்டை போட்டிருக்குக்கா. ஆனா இரவல் சட்டை. அந்தச் சர்க்கரையை மனுச உடம்பு செய்யாது. குட்டிக்குப் பால் குடுக்கிற மிருகம்தான் செய்யும். ஆடு, மாடு, பன்னி. அதை நாம திங்கும்போது நம்ம உடம்புல அங்கங்க துளி ஒட்டிக்கிரும். புத்துக்கு அது மேல பேராசை. இருக்கிறதையெல்லாம் இழுத்துப் போத்திக்கிரும். இந்தச் சட்டையைக் கண்டா அடின்னு உடம்புக்குச் சொல்லிக்குடுக்கிறதுதான் புது ஊசி."

பேச்சியம்மாள் யோசித்தாள். "அப்ப நல்ல சதையில ஒட்டுன துளியையும் சேத்து அடிக்குமே?"

"இந்தக் கேள்வி எங்க கமிட்டிக்கு வர மூணு கூட்டம் ஆச்சுக்கா. முதல்ல போட்ட பன்னெண்டு பேருக்கும் காய்ச்சல், மூட்டு வீக்கம். எல்லாரும் ஆட்டுக்கறி சாப்பிடுறவங்க. அதனால இப்ப ஒரு விதி. ஆறு மாசம் நிறுத்தணும். ஒட்டுனது கழுவிப்போன பிறகுதான் ஊசி. மாசம் ஒண்ணா மூணு."

"நிறுத்துறேன்."

"அதுக்கப்புறமும் சாகுற வரைக்கும் தொடக்கூடாது."

"நிறுத்தலைன்னா சாகுற வரைக்கும்ங்கிறது எம்புட்டு நாளு? ரசீது குடு தாயி, கைநாட்டு வைக்கவா கையெழுத்தா?"

ஆறு மாசம் அவள் நாக்கில் ஆட்டுக்கறி படவில்லை. ஆனால் கடை நடந்தது. வாடிக்கைக்காரர்கள் சும்மா விடுவார்களா?

"ஏ மதினி, நீயே திங்காத கறியை எங்க தலையில கட்டுறியாக்கும்?"

"வளவிக்கடைக்காரன் மாட்டிக்கிட்டா விக்கிறான்? நெஞ்செலும்பு வேணுமா, பேச்சு வேணுமா?"

இப்போது கூடத்தின் இயக்குநரைச் சொல்ல வேண்டும். பெயர் ஆவுடைநாயகம். திருநெல்வேலிக்காரர். நல்ல மனிதர், நல்ல மூளை. பெற்ற தாயைப் புற்றுநோய்க்குக் கொடுத்தவர். இந்த ஊசி வரவேண்டும் என்று அவரைப்போல் தவித்தவர் யாரும் இல்லை. ஒரே ஒரு பலவீனம். தம் வீட்டில் ஏழு தலைமுறையாக முட்டைகூட நுழைந்ததில்லை என்பதை, யாரும் கேட்காமலே சொல்வார்.

"கோழியிலயும் மீன்லயும் அந்தச் சர்க்கரை கிடையாது சார்," என்று மங்கை படிவம் தயாரிக்கும்போதே சொன்னாள். "ஆட்டையும் மாட்டையும் மட்டும் விலக்கச் சொன்னா போதும்."

"ஊருக்குள்ள போயி கோழி சரி, ஆடு தப்புன்னு சொன்னா எவன் ஒழுங்கா கேப்பான்? சைவம்னு ஒத்த வார்த்தையில முடிச்சிருவோம்மா. சின்னப்பிள்ளைக்கும் புரியும். பரம்பரைச் சைவம்னா இன்னும் நல்லது, கழுவுற வேலையே இல்லை பாத்துக்கிடுங்க. நானே முதல் ஆளா போட்டுக்கிடுதேன்."

படிவத்தில் மூன்று கட்டம் போட்டார்கள். மாமிசம், மீன், முட்டை. மூன்றிலும் 'இல்லை' என்று எழுதினால் ஆள் தேறினார். கூடத்தில் பதினோரு முனைவர்கள் படித்துப் பார்த்தார்கள். யாருக்கும் எந்தக் குறையும் தெரியவில்லை.

இருபத்துநான்கு பேர் தேர்வானார்கள். இயக்குநரைச் சேர்த்து இருபத்துமூன்று பேர் பிறந்ததிலிருந்து சைவம். வீட்டில் யாரையாவது புற்றுக்குக் கொடுத்தவர்கள் பாதி, தாங்களே அதில் விழுந்து எழுந்தவர்கள் பாதி. இருபத்துநான்காவது, கறிக்கடைக்காரி. சேரும்போது அவள் மங்கையிடம் தனியாகக் கேட்டாள்.

"மீனுல அது இருக்கா, இல்லையா?"

"இல்லதான்."

"இல்லாததை எதுக்கு விடணும்?"

மங்கை ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். அதைச் சம்மதம் என்று பேச்சியம்மாள் எடுத்துக்கொண்டாள். அது சம்மதம்தான். மீன் கட்டத்தில் 'இல்லை' என்று மங்கையே எழுதிக்கொண்டாள்.

முதல் ஊசி போட்டாயிற்று. இரண்டாவதும் போட்டாயிற்று. கொட்டைப்பாக்கு அளவு இருந்த அக்குள்கட்டி சுண்டைக்காய் ஆகியிருந்தது. மங்கை அளந்து பார்த்து, நம்பாமல் மறுபடி அளந்தாள். மூன்றாவது ஊசிதான் முக்கியம். அதில்தான் உடம்பு பாடத்தை முழுக்கப் படித்து முடிக்கும். குறித்த நாளிலிருந்து பத்து நாள் வரை தள்ளலாம். பதினோராம் நாள் போட்டால் முதலிரண்டும் தண்ணீர்.

குறித்த நாள் ஒரு திங்கட்கிழமை. காலையிலிருந்து கூடத்தில் வரிசை. பேச்சியம்மாளுக்குப் பசி. ஓரமாய் உட்கார்ந்து தூக்குச்சட்டியைத் திறந்தாள். கம்பங்கஞ்சி, தொட்டுக்கொள்ள வறுத்த நெத்திலிக் கருவாடு. வாசனை தாழ்வாரம் முழுக்க நடந்து போய் இயக்குநர் அறைக்கதவைத் தட்டியது.

"என்னது இது? யாரு இது?" ஆவுடைநாயகம் மூக்கைத் துண்டால் பொத்திக்கொண்டு வந்தார்.

"நெத்திலிங்க ஐயா. மொறுமொறுன்னு இருக்கு. ரெண்டு எடுத்துக்கிறீங்களா?"

வரிசையில் யாரோ சிரித்தார்கள். அந்தச் சிரிப்பு இல்லாதிருந்தால் கதை வேறு மாதிரி போயிருக்கலாம்.

"எழுதிக் குடுத்தீங்கல்லா, சுத்தமா இருப்பேன்னு?"

"சுத்தமாத்தான் ஐயா இருந்தேன். ஆட்டைக் கையால தொட்டேன், வாயால தொடலை."

"இருபத்துமூணு பேரு இங்க கட்டுப்பாடா இருக்காங்க. நாக்கை அடக்கத் தெரியாத ஒத்த ஆளால ஆராய்ச்சியே நாறிப்போவும். அம்மா மங்கை, இவங்க பேரை அடிச்சிருங்க."

ஊசித்தட்டோடு மங்கை நின்றிருந்தாள். 'நான்தான் சார் சரின்னு சொன்னேன்' என்று சொன்னால் போதும். அதை அவள் சொன்னாள். சாயங்காலம் வீட்டுக்குத் திரும்பும் பஸ்ஸில், ஜன்னல் கம்பியிடம்.

பேச்சியம்மாள் சண்டை போடவில்லை. சட்டியை மூடினாள். "பத்து நாளு இருக்குல்ல தாயி?" என்று மங்கையிடம் மட்டும் கேட்டுவிட்டு இறங்கிப்போனாள்.

மூன்றாவது ஊசி போட்டுக்கொண்ட இருபத்துமூன்று பேரும் வியாழக்கிழமைக்குள் படுத்துவிட்டார்கள். காய்ச்சல், மூட்டுக்கு மூட்டு வீக்கம். ஒரு தமிழாசிரியைக்குச் சாக்பீஸ் பிடிக்க முடியவில்லை. ஆவுடைநாயகத்தால் சட்டைப் பொத்தானைப் போட முடியவில்லை. முதலில் கறி தின்ற பன்னிரண்டு பேருக்கு வந்த அதே நோய். கறியை மூக்கால்கூட அறியாத இவர்களுக்கு எப்படி வந்தது? கூடம் ஆடிப்போயிற்று. ஊசியே கோளாறு, கைவிட்டுவிடலாம் என்று கமிட்டியில் கடிதம் எழுதத் தொடங்கினார்கள்.

ஞாயிற்றுக்கிழமை மங்கை கறிக்கடைக்குப் போனாள். நாள் எண்ணிக்கையில் அது ஆறாம் நாள். கடையில் கூட்டம் முட்டியது.

"உங்களுக்கு ஏதும் காய்ச்சல்…?"

"எனக்கென்ன, கல்லு மாதிரி இருக்கேன். ரெண்டு ஊசிக்குத் துளி உடம்பு சுடலை. நில்லு, இந்த அண்ணனுக்கு ஈரல் போட்டு அனுப்பிட்டு வாரேன். ஏய்யா, பக்கத்துக் கடையில ரெண்டு கிளாஸ் சொல்லு. ஒண்ணு பால் டீ. எனக்குக் கடுங்காப்பி."

"பால் ஊத்தலையாக்கா?"

"எட்டு மாசமாச்சே. நீ சொன்னியே."

"நானா? நான் எங்கக்கா சொன்னேன்?"

பேச்சியம்மாள் கத்தியை வைத்துவிட்டு அவளை ஒரு மாதிரி பார்த்தாள். "குட்டிக்குப் பால் குடுக்கிற மிருகம்னு உன் வாயால சொல்லலை? அது கறியில இருக்குன்னா மடியில இருக்காதா? ரெண்டும் ஒரே உடம்புதான தாயி. நான் தினம் ஒரு ஆட்டை அக்கக்கா பிரிக்கிறவ. இது சைவம், இது அசைவம்னு உள்ள எங்கயும் கோடு போட்டிருக்கிறதை நான் பாத்ததில்லை."

மங்கை அப்படியே கடைப்பலகையில் உட்கார்ந்துவிட்டாள். மூன்று கட்டம். பதினோரு முனைவர்கள். இருபத்துமூன்று பேர் தினமும் காலையில் காபி, மத்தியானம் தயிர், சாயங்காலம் காபி, ராத்திரி ஒரு டம்ளர் பால். அவள் வேலை செய்த பரிசோதனைச்சாலையில் பாலில் அந்தச் சர்க்கரை இருக்கிறதா என்று பார்க்க ஒரு மணி நேரம் போதும். யாருக்கும் தோன்றவில்லை. அவளுக்கும் தோன்றவில்லை. அவள் ஞாயிறு தவறாமல் கறி சாப்பிடும் வீட்டில் பிறந்தவள். அவள் வீட்டிலும் பால் பால்தான்.

"டீ ஆறுது," என்றாள் பேச்சியம்மாள்.

மங்கை அந்தப் பால் டீயைக் கொஞ்ச நேரம் உற்றுப் பார்த்துவிட்டு வைத்துவிட்டாள்.

நேரே கூடத்துக்குப் போய்ப் பாலைச் சோதித்தாள். இருந்தது. அங்கிருந்து இயக்குநர் வீட்டுக்குப் போனாள். அவர் சால்வை போர்த்திச் சாய்வு நாற்காலியில் கிடந்தார். அவர் மனைவி கோமதி, காய்ச்சலுக்குக் குளிர்ச்சி என்று நாலாவது தடவையாக மோர் கொண்டுவந்து கொடுத்தார்.

"சார், அந்த டம்ளரைக் கீழ வைங்க."

"எதுக்கும்மா?"

சொன்னாள். கருவாட்டுக்குத் தான் சம்மதித்ததையும் சேர்த்துச் சொன்னாள். ஆவுடைநாயகம் மோரையும் அவளையும் மாறிமாறிப் பார்த்தார்.

"இது சைவம்மா!"

"அந்தச் சர்க்கரைக்கு அது தெரியாது சார்."

"பசும்பாலையும் ஆட்டுக்கறியையும் ஒரே வரியில எழுதச் சொல்லுதீங்களா? என் கையெழுத்துக்கு மேல?"

"எழுத வேண்டாம். மூணு நாள் நிறுத்திப் பாருங்க."

"ஏங்க, மூணு நாள்தான?" என்றார் கோமதி. "ஆட்டுக்கறியை விடுறது என்ன பெரிய தவம்னு அன்னைக்கு ரேடியோவுல பேசுனீகளே. நாக்குக் கட்டுப்பாடுன்னு."

கோமதி டம்ளரை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டார்.

திங்கள் முனகலில் போனது. செவ்வாய் தலைவலி, அது காபி இல்லாத தலைவலி. புதன்கிழமை விடிந்தபோது காய்ச்சல் இறங்கியிருந்தது. விரல் மடங்கியது. தாயைப் பறிகொடுத்த மனிதர் அவர். பேச்சியம்மாளின் அளவுப்பதிவை அன்று முழுக்கப் பார்த்தார். பாக்கு, சுண்டைக்காய். வியாழன் காலை, பத்தாம் நாள், அவளைக் கூட்டிவரக் கூடத்து வண்டியை அனுப்பினார்.

அடித்த பெயரைத் திரும்ப எழுத, தகுதிச் சான்று வேண்டும். அச்சடித்த சான்று ஒன்றுதான் இருந்தது: 'இவர் முழுமையான சைவ உணவினர் எனச் சான்றளிக்கிறேன்.' ஆவுடைநாயகம் பேனாவைத் திறந்தார்.

"என்னங்கய்யா எழுதியிருக்கு?" என்றாள் பேச்சியம்மாள். மங்கை படித்துக் காட்டினாள்.

"ஐயையோ, அது வேண்டாம். நான் நேத்துகூட அயிரைமீன் குழம்பு வச்சேன்."

"ஒரு கையெழுத்தும்மா. ஊசி போட்டாகணும். சாயங்காலத்துக்குள்ள போடலைன்னா…"

"தெரியும்யா, என் உசுருதான. பொய்யில ஏத்துனா உள்ள போயி அது வேலை செய்யுமோ என்னமோ. இருக்கிறதை எழுதுங்க."

அவர் அந்தச் சான்றை ஒதுக்கி வைத்தார். பிறகு எல்லார் பெயரும் இருந்த பழைய படிவத்தை இழுத்து, மூன்று கட்டத்துக்குக் கீழே, வீங்கி வடிந்த விரலால் நாலாவதாக ஒன்று வரைந்தார். கோணலாக வந்தது. உள்ளே 'பால்' என்று எழுதினார். அதற்கு எதிரே அவள் பெயருக்கு 'இல்லை'. தம் பெயருக்கு 'உண்டு'. மீன் கட்டத்தை அடித்துவிட்டார்.

ஊசி ஏறியது. நாலு மாசத்தில் சுண்டைக்காயும் மறைந்தது. பெரியாஸ்பத்திரி டாக்டர் படத்தை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்து, தவறான படத்தைக் கொடுத்துவிட்டார்கள் என்று நர்ஸைத் திட்டினார்.

இதோடு நிறுத்தியிருந்தால் எல்லோரும் வாழ்ந்தார்கள் என்று நான் எழுந்திருக்கலாம். ஆனால் மனுசப் பிறவிகளின் கதை அல்லவா.

இருபத்துமூன்று பேரில் நாலு பேர்தான் பாலை விட்டார்கள். மற்றவர்கள், "காய்ச்சலோடயே இருந்துக்கிறோம்" என்றார்கள். ஆவுடைநாயகம் இரண்டு வருடம் தாக்குப்பிடித்தார். பிறகு காலையில் ஒரு காபி, கூடவே ஒரு காய்ச்சல் மாத்திரை என்று பழகிக்கொண்டார். ஊசி ஊருக்குள் வந்தபோது வரிசையில் முதலில் நின்றவர்கள் கடற்கரைக்காரர்கள், கோழிக்கடைக்காரர்கள், பாலும் ஆட்டுக்கறியும் நாள் கிழமைக்கு மட்டும் பார்த்த வீட்டுக்காரர்கள். விட ஒன்றுமில்லாதவர்களுக்கு விடுவது எளிது.

பத்து வருடம் போயிற்று. ஊசி போட்டவர்களுக்கு ஒரு பெயர் வந்தது: விலக்கினவங்க. முதலில் ஒரு சங்கம் வைத்தார்கள், பிறகு கல்யாண மண்டபம் கட்டினார்கள். பெண் தேடும் விளம்பரத்தில் 'மூன்று தலைமுறையாகப் பால் புழங்காத வீடு' என்று போட்டார்கள். ஊசி வந்தே பத்து வருடம்தான். மூன்று தலைமுறை எங்கிருந்து வந்தது என்று யாரும் கேட்கவில்லை.

பேச்சியம்மாள் அந்தச் சங்கத்தில் மதிப்புக்குரிய மூத்தவள். ஒருநாள் முற்பகலில், மகள் கல்யாணப் பத்திரிகையோடு ஆவுடைநாயகம் அவள் வீடு தேடி வந்தார். ஓய்வு பெற்றுவிட்டார். தலை முழுக்க நரை.

"வாங்கய்யா, வாங்கய்யா! உக்காருங்க. வினோதினி, ஐயாவுக்குக் காபி போடு, கடுங்காப்பி."

மருமகள் வினோதினி ஒரு காகிதக் கப்பில் கொண்டுவந்தாள். பேச்சியம்மாளுக்கு முகம் சிவந்துவிட்டது. அடுப்படிக்குப் போய்ப் பல்லைக் கடித்தாள்.

"என்னடி இது? வீட்டுல டம்ளரா இல்லை?"

"இல்லத்தே… அவங்க பால் குடிக்கிறவங்க. நம்ம புழங்குறதுல எப்படி…"

"அந்த மனுசன் வரைஞ்ச கட்டத்துலதான்டி நான் உசுரோட நிக்கிறேன்!"

தன் கையாலேயே அலமாரியிலிருந்து வெள்ளி டம்ளரை எடுத்தாள், தான் தினம் குடிக்கிற டம்ளர். அதில் ஊற்றிக் கொண்டுபோய்க் கொடுத்தாள். வீங்கிய விரல்களோடு அவர் இரண்டு கையாலும் பிடித்துக் குடித்தார். கருவாடு மணத்த கதையைச் சொல்லி இருவரும் சிரித்தார்கள். அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். தெருமுனை வரை போய் வழியனுப்பிவிட்டு வந்தாள்.

வந்து, வினோதினியைத் தொடவிடாமல், அந்த டம்ளரைத் தானே குழாயடியில் புளி போட்டுத் தேய்த்துக் கழுவினாள். தண்ணீர் விட்டு அலசினாள். மறுபடியும் புளியை எடுத்துத் தேய்த்தாள். பாதியில் அவள் கை நின்றது. குழாய் அதுபாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தது. இரண்டாவது தடவை எதற்குத் தேய்க்கிறோம் என்று, அந்த டம்ளரையே பார்த்தபடி அவள் வெகுநேரம் குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தாள்.

சரி, எழுந்திருங்கள் கண்ணுகளா, நேரமாகிறது. உங்கள் வீட்டுப் பிள்ளைகளுக்குக் காய்ச்சல் வராதிருக்கட்டும். பெரியவர்களின் கட்டிகள் கரைந்துபோகட்டும். அடுப்படியில் பால் கொதித்தாலும் மீன் கொதித்தாலும் உலை அடங்காதிருக்கட்டும். யார் வந்து குடித்துவிட்டுப் போனாலும், உங்கள் வீட்டு டம்ளரெல்லாம் ஒரே தடவை கழுவி ஒரே அலமாரியில் ஏறட்டும். நன்றாயிருங்கள்.